கனகத்தை எனக்குப் பதினாறு வயதில் தெரியாது

ஞாயிற்றுக்கிழமை இலக்கியக் கூட்டத்தில் பேச்சாளர் சொன்னதைப் பற்றி ஆளுக்கு ஒன்று எழுதிவிட்டீர்கள். நான் பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன், முடியவில்லை. பள்ளிக்கூட வயதில் படித்த நாவலை நாற்பதுக்கு மேல் எடுத்து வைத்து உருகுகிறவர்கள் வளராதவர்களாம். அரங்கமே சிரித்தது. அதற்குச் சற்று முன்புதான் நான் எழுந்து, ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலை மறுபடி படித்ததைச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். யாரைச் சொன்னார் என்று எனக்குத் தெரியாதா?

ஐயா, நான் மறுபடி படிக்கவில்லை. இப்போதுதான் படித்தேன்.

1996இல், பிளஸ் ஒன் வகுப்பில், கிளை நூலகத்திலிருந்து அட்டை கிழிந்த பிரதி ஒன்றை எடுத்து வந்தேன். 1972இல் சாகித்ய அகாதமி பரிசு பெற்ற நாவல் என்பது வினாடிவினாப் போட்டிக்காக மனப்பாடம் செய்த விஷயம். மூன்றே நாளில் முடித்தேன். எனக்கு அதில் கங்கா மட்டும்தான் தெரிந்தாள். மழையில் நின்ற அந்தக் கல்லூரிப் பெண்ணைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்க் கெடுத்தவன், வீட்டைவிட்டுத் துரத்திய அண்ணன், ஆதரவு கொடுத்த கையாலேயே தொடப் பார்க்கும் வெங்கு மாமா, எல்லோரையும் வெறுத்தேன். அவர்களையெல்லாம்விட அம்மா கனகத்தை வெறுத்தேன். வாயைத் திறந்து ஊரைக் கூட்டியவள் அவள்தானே!

நாவலுக்கு முன்பே, 1966இல் வந்த ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையில் அதே மழை, அதே கார். அந்த அம்மா மட்டும் வேறு. முதலில் அடிக்கிறாள், பிறகு மகள் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தம் என்று சொல்லி, விஷயத்தை வீட்டுக்குள்ளேயே புதைத்துவிடுகிறாள். பின்னால் நாவலில் அவர் அந்த ஓர் இடத்தை மட்டும் மாற்றிப் பார்த்தார். அவ்வளவு பெரிய நாவல் ஒரு தாய் போட்ட கூச்சலிலிருந்து கிளம்புகிறது. இது பதினாறு வயதில் என் கண்ணில் படவே இல்லை.

போன நவம்பரில் என் மகள் டியூஷனிலிருந்து வர ஒன்பதே கால் ஆகிவிட்டது. கனமழை. கைபேசி அணைந்து கிடந்தது. அவள் படியேறி வந்ததும் நான் கத்திய கத்தலில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. மகள் நனைந்தபடி என்னைப் பார்த்தாள். அன்று இரவுதான் அலமாரியிலிருந்து நாவலை எடுத்தேன்.

கணவனை இழந்து மகன் போடும் சோற்றில் இருந்தவள் கனகம். பயந்தவளுக்குக் குரல்தான் முதலில் வெளியே வரும். பிறகு அந்த மகளோடுதான் அவள் வாழ்கிறாள், மகள் சொல்லும் சொல்லையெல்லாம் வாங்கிக்கொண்டு. இதையெல்லாம் அன்று படித்தேனா? பக்கத்தைப் புரட்டினேன், அவ்வளவுதான்.

வசனங்கள் நீளம் என்பீர்கள். நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். புதியவர்களைப் படி என்பீர்கள். படிக்கிறேன், மாதாமாதம் வாங்குகிறேன், அதற்கு நான் யாரிடமும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. அது ஒரு பிராமண வீட்டுக் கதை, உனக்கென்ன அதில் என்று ஒருவர் நேற்று எழுதியிருந்தார். எங்கள் வீடு அந்தச் சாதி இல்லை, எங்களுக்கு அந்தப் பேச்சும் இல்லை. தெருவுக்குப் பயந்து மகளை அடிக்கும் வீடு எந்தச் சாதியில் இல்லை, சொல்லுங்கள்.

என் அம்மாவும் அடித்தார். அதே 1996, ஐப்பசி மழை, சிறப்பு வகுப்பு முடிந்து கடைசி பஸ்ஸில் வந்தேன். வாசலிலேயே, தெரு பார்க்க, விளக்குமாற்றால். அதற்கு முன் இரண்டு மணி நேரம் அவர் பஸ் நிறுத்தத்தில் குடையில்லாமல் நின்றார் என்று அத்தை எனக்குச் சொன்னது என் கல்யாணத்துக்குப் பிறகு. அடி வாங்கிய அடுத்த மாதம்தான் அந்த நாவல் என் கைக்கு வந்தது. கனகத்தை நான் ஏன் அப்படி வெறுத்தேன் என்று இப்போது புரிகிறதா? எனக்கே இப்போதுதான் புரிகிறது. இதற்குப் பெயர்தான் வளராமை என்கிறார் அந்தப் பேச்சாளர்.

நாவலில் கங்கா அந்தச் சிறுகதையைத் தன் அம்மாவிடம் படிக்கக் கொடுக்கிறாள், இப்படியும் ஒரு தாய் இருந்திருக்கிறாள் பார் என்று. நானும் அன்று புத்தகத்தை அம்மா கண்ணில் படும்படி அடுப்பங்கரைத் திண்ணையில் வைத்துவிட்டுத்தான் பள்ளிக்குப் போனேன். மாலையில் அது என் பையில் இருந்தது. அவர் படித்தாரா என்று கேட்டதே இல்லை. வரும் தீபாவளிக்கு ஊருக்குப் போகிறேன், கேட்க வேண்டும்.