ஏழு என்றால் பூஜ்யம் இல்லை

"இப்பதான் நல்லாயிட்டீங்களே, அப்புறம் என்ன?" என்று கேட்பவர்களிடம் சிரித்து வைக்கிறேன். மனச்சோர்வு தணிந்து நல்லாத்தான் இருக்கிறேன். அழுகை நின்றுவிட்டது, வேலைக்குப் போகிறேன், செத்துப்போகலாம் என்ற நினைப்பு கடைசியாக வந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. ஆனால் விடிகாலை மூன்றரைக்கு முழிப்பு தட்டுவது மட்டும் நிற்கவில்லை. ஒரு பக்கம் படித்து முடிப்பதற்குள் முதல் வரி மறந்துவிடுகிறது, இரண்டு சட்டையில் எதைப் போடுவது என்று அலமாரி முன்னால் நின்றே பத்து நிமிஷம் போய்விடுகிறது.

மனச்சோர்வை அளக்க ஹாமில்டன் அளவுகோல் என்று ஒன்று, 1960-லிருந்து இருக்கிறது. அதன் 17 கேள்விகளுக்கும் சேர்த்து மொத்த மதிப்பெண் 7 அல்லது அதற்குக் கீழே வந்தால் நோய் தணிந்துவிட்டதாகப் பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். இதில் தூக்கத்துக்கு மட்டும் மூன்று கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண் வரை. அதாவது ராத்திரி முழுக்கப் புரண்டுகொண்டே கிடக்கிற ஆளும் 6 மதிப்பெண்ணோடு குணமானவர் கணக்கில் வந்துவிடலாம்!

நோய் முற்றியிருந்தபோது படுத்தே கிடந்தால் அதற்கு ஒரு பெயர் இருந்தது, வீட்டிலும் பொறுத்துக்கொண்டார்கள். இப்போது அதே அசதி வந்தால் அது சோம்பேறித்தனம். அடுத்தவர் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிக்கொள்கிறேன், அதுதான் கொடுமை.

இதெல்லாம் மாத்திரையால்தான் என்று நானாக முடிவுகட்டி ஒருநாள் சட்டென்று நிறுத்தியும் பார்த்தேன். தலைசுற்றல், தலைக்குள் கரண்ட் அடித்த மாதிரி ஒரு வெட்டு. டாக்டரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். சில மாத்திரைகள் உணர்ச்சியை மழுங்கடிப்பது உண்மைதான், ஆனால் எது மாத்திரை செய்வது, எது நோயின் மிச்சம் என்று பிரிப்பது நம் வேலை இல்லை. நல்லானபிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடரச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பேக்கல் என்ற மனநல மருத்துவரின் குழு 1995-ல் வெளியிட்ட ஆய்வில், மிச்ச அறிகுறிகள் இருந்தவர்களில் 76 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது, மிச்சமில்லாதவர்களில் 25 சதவீதம்தான். அதற்காக எனக்கும் திரும்பியே தீரும் என்று அர்த்தமில்லை, 'சின்ன விஷயம்தானே' என்று முழுங்கிவிடக் கூடாது என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆறு மாதமாக "எப்படி இருக்கீங்க?" என்றதும் "பரவாயில்ல டாக்டர்" என்று எழுந்து வந்தவன் நான். போன தடவை முழித்த நேரங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் நீட்டினேன். படித்துவிட்டு, "இதை ஏன் இத்தனை நாள் சொல்லல?" என்றார்.