கருஞ்சிறுத்தை தனி இனம் இல்லைங்க

வால்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் எடுத்த கருஞ்சிறுத்தைப் படத்தின் கீழே, இந்தக் கரும்புலி தனி இனம், புலியும் சிறுத்தையும் கலந்து பிறந்தது என்று ஒருவர் எழுத, அதை நிறையப் பேர் பகிர்ந்திருக்கிறீர்கள். அது சரியல்லங்க. அது நம் ஆனைமலையிலும் சத்தியமங்கலத்திலும் இருக்கும் அதே சிறுத்தைதான், அறிவியல் பெயர் பாந்தெரா பார்டஸ். மெலனின் என்ற கருநிறமி கூடுதலாகச் சுரப்பதால் மேல் ரோமம் கருப்பாகிவிடுகிறது, அவ்வளவுதான். சிறுத்தையில் இது ஒடுங்கு மரபணு. தாய், தகப்பன் இரண்டிடமிருந்தும் வந்தால்தான் குட்டி கருப்பாகப் பிறக்கும். அதனால் பெற்றவை இரண்டும் மஞ்சள் நிறமாக இருந்தாலும் ஒரே ஈற்றில் ஒன்று கருப்பாகவும் ஒன்று புள்ளியோடும் பிறக்கலாம். பட்டியில் ஆடு வளர்ப்பவர்களுக்கு இது ஒன்றும் புதிதாக இருக்காது.

நம்ப முடியவில்லை என்றால் நீங்களே பாருங்கள். அதே படத்தைச் சேமித்து, போனில் வெளிச்சத்தைக் கூட்டி, விலாப்பக்கத்தைப் பெரிதாக்கினால், படம் ஓரளவு தெளிவாக இருந்தால் போதும், பூப்பூவாக வட்டப் புள்ளிகள் தெரியும். சிறுமுகையில் கருப்புப் பட்டில் கருப்பு நூலிலேயே பூப் போட்டால் நேராகப் பார்க்கும்போது ஒன்றும் தெரியாது, சாய்த்துப் பிடித்தால் பளிச்சென்று தெரியும் இல்லையா, அதே மாதிரிதான். அப்புறம், காட்டில் வைக்கும் அகச்சிவப்புத் தானியங்கி கேமரா இரவில் எடுத்த கருஞ்சிறுத்தைப் படங்களைத் தேடிப் பாருங்கள், அதில் புள்ளிகள் இன்னும் நன்றாகவே தெரியும். புலிக்கு இருக்கும் நீளக் கோடு ஒன்றுகூட அதில் இருக்காது.