ஊர் ஏக்கம் மட்டும்தானா?

புலம்பெயர்ந்தவங்க கதைன்னாலே ஊர் ஏக்கம்தான்னு கட்டுரைல எழுதியிருக்கீங்க, என்னால அதை முழுசா ஏத்துக்க முடியலங்க. விட்டுட்டு வந்தவங்களுக்கு அது சரி, ஆனா போன இடத்துலயே பொறந்த பிள்ளைங்களுக்கு ஏங்குறதுக்குன்னு ஒரு ஊரே இல்லையே, அப்பா அம்மா சொல்லிச் சொல்லிக் கேட்ட ஞாபகம்தான இருக்கு, அதுவும் இரவல்.

அமெரிக்காவுல வளர்ந்த பெங்காலி எழுத்தாளர் ஜும்பா லாஹிரியோட 'தி நேம்சேக்' நாவலையே எடுத்துக்கோங்க, 2003ல வந்தது. அமெரிக்காவுல குடியேறின பெங்காலி தம்பதிக்கு அங்க பொறந்த குழந்தைக்குப் பேர் வெச்சு கொள்ளுப்பாட்டி கல்கத்தாவுல இருந்து போட்ட லெட்டர் அமெரிக்கா வந்து சேரவே இல்ல, அதனால கோகோல்னு ஒரு ரஷ்ய எழுத்தாளர் பேரு அவனுக்கு விழுந்துருது. பெரியவனானதும் கோர்ட்டுக்குப் போய் நிகில்னு மாத்திக்கிறான், ஆனா உள்ளுக்குள்ள இருக்கிற உறுத்தல் போகவே மாட்டேங்குது. 14வது பிறந்தநாளுக்கு அப்பா குடுத்த கோகோல் கதைப் புத்தகத்தைப் படிக்காமலே வெச்சிருந்தவன், அப்பா இறந்துபோய், வீட்டையும் வித்துட்டுக் காலி பண்ற நேரத்துல அதை எடுத்துப் பிரிக்கிறான் பாருங்க, அங்க வந்ததும் என்னால மேல படிக்க முடியல, புத்தகத்தை மடில வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் சும்மா உக்காந்திருந்தேன். அவன் இவ்வளவு நாளா தேடினது அப்பாவைத்தான்னு எனக்குத் தோணுச்சு.

இன்னொண்ணு, வீட்ல பெங்காலி வெளில இங்கிலீஷ்னு வளர்ந்த லாஹிரியே அப்புறமா இத்தாலியன் கத்துக்கிட்டு 2015ல அந்த மொழிலயே புத்தகம் போட்டாங்க. பெத்தவங்களும் குடுக்காத, வளர்ந்த நாடும் குடுக்காத ஒரு மொழியைத் தானா தேடிப் போறதும் இந்தத் தேடல்ல சேர்ந்ததுதானே, அதைப் பத்தியும் அடுத்த கட்டுரைல விரிவா எழுதுங்க ப்ளீஸ்.