அரிப்பு நின்றால் படர்தாமரை போய்விட்டதாக அர்த்தமில்லை
ஒருவர், ஸ்டீராய்டு கலந்த க்ரீம் தடவினால் படர்தாமரை இரண்டே நாளில் போய்விடும் என்று எழுதியிருக்கிறார். போவது அரிப்பும் சிவப்பும்தான், படர்தாமரையை உண்டாக்கும் பூஞ்சை இல்லை. ஸ்டீராய்டு தோலின் எதிர்ப்பை அடக்கிவிடுவதால் பூஞ்சை சத்தமில்லாமல் பரவும். படர்தாமரையின் வளைய வடிவ விளிம்பும் மங்கிவிடும், அப்புறம் பார்த்த மாத்திரத்தில் டாக்டருக்கே அடையாளம் தெரியாது.

சந்தேகம் இருந்தால் பரிசோதனை எளிதுதான். வளையத்தின் ஓரத்தில் செதிலைச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டால் தோல் செல்கள் கரைந்து தெளியும். நுண்ணோக்கியில் பூஞ்சை இழைகள் கிளைகிளையாகத் தெரியும். வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்குத்தான் வாரக்கணக்கில் ஆகும்.

சின்னத் திட்டு என்றால் டெர்பினாஃபின், க்ளோட்ரிமசோல் மாதிரி பூஞ்சைக்கொல்லி க்ரீம் போதும், விளிம்பைத் தாண்டியும் தடவ வேண்டும். தலை, நகம் என்றால் பெரும்பாலும் மாத்திரைதான்.