குழாய் விட்டம் பாதியானால் வேகம் நாலு மடங்கு

சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் குழாயை 200 மி.மீ.யிலிருந்து 100 ஆக்கினால் காற்று இரண்டு மடங்கு வேகமெடுக்கும், புகை சீக்கிரம் வெளியேறும் என்று ஒருவர் சொல்கிறார். இரண்டுமே தவறு. ஓட்ட அளவை, அதாவது விநாடிக்குப் போகும் காற்றின் கன அளவை, குழாயின் குறுக்குவெட்டுப் பரப்பளவால் வகுத்தால் வருவதுதான் வேகம். விட்டம் பாதியானால் பரப்பு கால்வாசி. மணிக்கு 300 கனமீட்டர் என்றால் விநாடிக்கு 0.0833. அதை 200 மி.மீ. குழாயின் பரப்பான 0.0314 சதுர மீட்டரால் வகுங்கள்: விநாடிக்கு 2.65 மீட்டர். சிறிய குழாயில் 10.6!

அதுவும் ஓட்டம் குறையாவிட்டால்தான். குறுகிய குழாய் காற்றுக்குக் கொடுக்கும் எதிர்ப்பை மீறி சாதாரண ஃபேன் தள்ளாது. காற்றின் அளவே சரிந்து, தாளித்த புகை வீட்டுக்குள்ளேயே சுற்றும். அப்புறம், குழாயின் வாய்ப்பகுதியில் வலை இருந்தால் கம்பியும் எண்ணெய்ப் பிசுக்கும் போக மிஞ்சும் திறப்பைத்தான் பரப்பாக எடுக்க வேண்டும். தயவுசெய்து குழாயைச் சுருக்காதீர்கள்.