மலை வீட்டுக்கு விருந்தாடிப் போகுமுன் ஒரு கணக்கு

பொங்கல் லீவு நெருங்கினால் போதும், கடலூர், பாண்டிப் பக்கம் "கல்வராயன் மலைக்குப் போகலாமா?" என்ற பேச்சு கிளம்பிவிடும். ஒரு வேன், பதினைந்து பேர், கள்ளக்குறிச்சிப் பக்கத்து அந்த மலையில், வெள்ளிமலை என்ற ஊருக்கு அந்தப் பக்கம் தெரிந்தவர் ஒருவர் வீட்டில் ரெண்டு நாள். தங்குவது நல்ல விஷயம்தான். பதினைந்து பேராகப் போவதுதான் தப்பு. ஒரு வீட்டுக்கு நாலு பேருக்கு மேல் போகவே கூடாது. ஏன் என்று கணக்காகவே சொல்கிறோம்.

நாலு பேர், ஆளுக்கு ஐந்து வேளை, வேளைக்கு 120 கிராம் சாமை அரிசி. மொத்தம் 2.4 கிலோ. சாமையில் உமி அதிகம். பத்து கிலோ குத்தினால் ஆறு, ஆறரை கிலோ அரிசிதான் தேறும். ஆக உங்களுக்காக மட்டும் நாலு கிலோ சாமையை உரலில் போட்டுக் குத்தி, புடைத்து, கல் நீக்க வேண்டும். அதைச் செய்யப்போவது அந்த வீட்டுப் பெண்கள். பக்கத்தில் மில் இருந்தால் பாதிப் பாடு குறையும். உள்ளே தள்ளியிருக்கும் ஊர்களில் அது கிடையாது. ஆடியில் விதைத்து ஐப்பசிவாக்கில் அறுத்த அந்தச் சாமைதான் அடுத்த அறுவடை வரைக்கும் அந்த வீட்டுக்கு.

தண்ணீர் அதைவிடப் பெரிய கணக்கு. ஊற்றிலிருந்து தூக்கும் ஊரில் ஒரு குடம் 12 லிட்டர் என்று வையுங்கள். நாலு பேர் ஆளுக்கு ரெண்டு வாளி குளித்தால் பத்துக் குடம், அதுவும் மேட்டில். பங்குனி, சித்திரையில் ஊற்று ஒடுங்கிவிடும். அந்த மாதங்களில் போகாதீர்கள். தை, மாசிதான் சரி. அறுவடை வீட்டுக்கு வந்திருக்கும், ஊற்றிலும் நீர் இருக்கும். குளிர் கடுமையாக இருக்கும் என்பதால் பாயும் கெட்டிப் போர்வையும் நீங்களே கொண்டுபோங்கள். இருக்கிற ஒரே உள்ளறையை விருந்தாளிக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்காரர்கள் திண்ணையில் படுப்பார்கள். நீங்களே முந்திக்கொண்டு திண்ணையைக் கேளுங்கள்.

வெறுங்கையோடு போகக் கூடாது என்பது நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் நாம் கொண்டுபோகிற பிஸ்கட் பாக்கெட்டால் அந்த வீட்டுக்கு ஒன்றும் ஆகாது. ஐந்து கிலோ அரிசி, ஒரு கிலோ துவரம்பருப்பு, ஒரு லிட்டர் எண்ணெய், சர்க்கரை, டீத்தூள். கூடவே கடலூர் முதுநகரில் வாங்கிய நெத்திலிக் கருவாடு அரை கிலோ. கருவாடு கெடாது, களிக்கும் கூழுக்கும் சேரும். ஊரில் திருவிழாவுக்குக் காப்பு கட்டியிருந்தால் மட்டும் வேண்டாம். இதையெல்லாம் போனவுடன் வீட்டம்மா கையில் கொடுத்துவிடுங்கள். கிளம்பும்போது கொடுத்தால் தங்கியதற்குக் கூலி மாதிரி ஆகிவிடும். பணத்தைப் பிள்ளைகள் கையில் திணிப்பதும் வேண்டாம். அவர்களிடம் இருக்கும் தேனையோ புளியையோ கடை விலைக்கு, பேரம் பேசாமல் வாங்குங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், 1976-ல் அரசு எடுத்துக்கொள்ளும் வரை ஜாகிர்தார்கள் என்ற பரம்பரை நில அதிபதிகள் பிடியில் இருந்த மலை அது. கூலியில்லாமல் வேலை செய்து கொடுத்தவர்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள். கீழிருந்து வருகிறவன் சும்மா சாப்பிட்டுவிட்டுப் போவது அவர்களுக்குப் புதிதல்ல. வயதில் மூத்தவரை "வா, போ" என்று பேசும் நம்மாட்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

சாப்பாட்டில் கொஞ்சமாகப் போடச் சொல்லி மறுபடி கேட்டு வாங்குங்கள். சாமைச் சோறு வயிற்றில் கனக்கும். களியை மெல்ல வேண்டாம், பல்லில் ஒட்டும். கிள்ளிக் குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும். வழியில் மரவள்ளித் தோட்டத்தைப் பார்த்துக் கிழங்கு பிடுங்கிப் பச்சையாகக் கடிக்கிறார்கள். அது திருட்டு என்பது ஒரு பக்கம். ஆத்தூர், சேலம் ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் ரகங்களில் கசப்பு ரகம் உண்டு, அதில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. தோலை முழுக்க உரித்து, துண்டு போட்டு, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்ட பிறகுதான் எந்தக் கிழங்கையும் தொட வேண்டும். எது எந்த ரகம் என்று வீட்டுக்காரருக்குத் தெரியும்.

பாண்டியிலிருந்து பாட்டில் எடுத்துப்போவது, மலையில் போய்ச் சாராயம் எங்கே கிடைக்கும் என்று விசாரிப்பது, ரெண்டும் கூடவே கூடாது. முதலாவது மாநில எல்லையைத் தாண்டியதுமே குற்றம். இரண்டாவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் பார்த்தோம். மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. உங்களுக்கு ஒரு ராத்திரி ஆசை, உங்களுக்கு இடம் கொடுத்தவர் வீட்டு வாசலில் போலீஸ் வந்து நிற்கும்.

ஓடையில் சோப்பு போடாதீர்கள். விருத்தாசலத்தில் நாம் பார்க்கிற மணிமுத்தாறு அந்த மலையில் பிறந்துதான் வெள்ளாற்றில் கலந்து பரங்கிப்பேட்டையில் கடலுக்கு வருகிறது. நீங்கள் கழுவிவிட்டதைக் குடிக்கிற ஊர்கள் வழி நெடுக இருக்கின்றன.

புதரிலும் புல்லிலும் உட்கார்ந்து எழுந்தால் அன்றைக்கே உடம்பைத் தேய்த்துக் குளித்துத் துணியை மாற்றுங்கள். திரும்பி வந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், மலையில் தங்கியதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அக்குள், இடுப்பு மடிப்புகளில் சிகரெட் சுட்டது போலக் கறுத்த பொருக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். புதரில் இருக்கும் பொடி உண்ணி கடித்து வரும் உண்ணிக் காய்ச்சலாக (ஸ்க்ரப் டைஃபஸ்) இருந்தால் சீக்கிரம் கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே சரியாகும், தள்ளிப்போட்டால் நுரையீரல் வரைக்கும் போகும்.