ஆபரேஷன் பண்ண கண்ணுல புரை திரும்ப வளராது

மேல ஒருத்தர், கண்புரை ஆபரேஷன் பண்ணாலும் ரெண்டு மூணு வருஷத்துல புரை திரும்ப வளரும், வச்ச லென்ஸை எடுத்துட்டு வேற வைக்கணும்னு போட்டிருக்காங்க, நிறைய பேர் அதை ஷேரும் பண்றீங்க. அது சரியில்லைங்க.

புரைங்கறது நம்ம கண்ணோட சொந்த லென்ஸ் கலங்கிப்போறது. ஆபரேஷன்ல அந்த லென்ஸையே எடுத்துடுறாங்க, அப்புறம் புரை வளர அங்க ஒண்ணுமில்ல. ஆனா லென்ஸை மூடியிருந்த மெல்லிசான பையோட பின்பக்கத்தை அப்படியே விட்டு, அதுக்குள்ளதான் செயற்கை லென்ஸை வைக்கிறாங்க. சில பேருக்கு மிச்சமிருக்கற செல்கள் அந்தப் பை மேல படர்ந்து, மாசக்கணக்குலயோ வருஷக்கணக்குலயோ பார்வை மறுபடி மங்கலாகும், ராத்திரி எதிர்ல வர்ற வண்டி லைட் சிதறித் தெரியும். இதைப் பார்த்துட்டுதான் புரை திரும்ப வந்துடுச்சுன்னு பயப்படுறாங்க பாவம்.

இதுக்கு யாக் லேசர்ங்கற ஒளிக்கதிர் சிகிச்சை போதும். கத்தி கிடையாது, சில நிமிஷம்தான், லென்ஸை யாரும் தொட மாட்டாங்க, பைல நடுவுல சின்னதா ஒரு வழி திறந்து விடுவாங்க, பெரும்பாலும் அன்னைக்கே வீட்டுக்கு வந்துடலாம்.

சரிபார்க்கணும்னா அமெரிக்காவோட நேஷனல் ஐ இன்ஸ்டிடியூட் வெப்சைட்ல கண்புரை ஆபரேஷன் பக்கத்தைப் படிங்க, இல்ல ஆபரேஷன் பண்ண டாக்டர்கிட்டயே "பை மங்கியிருக்கா"ன்னு கேளுங்க, சொட்டு மருந்து விட்டு ஸ்லிட் லேம்ப்ங்கற கண் பார்க்கற மைக்ரோஸ்கோப்ல பார்த்தா அவங்களுக்குத் தெரிஞ்சிடும். சுகர் இருக்கறவங்களுக்கு விழித்திரையாலயும் மங்கலாகலாம், அதனால மங்கினா வீட்டுல உட்கார்ந்து யோசிக்காம போய்க் காட்டிடுங்க.